நாவலாசிரியரும் வாசகரும்: ஒரு கதை முடிவைக் குறித்த வழக்கு

நாவல் என்னும் இலக்கிய வகை தமிழில் தோன்றி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. 1879-ஆம் ஆண்டில் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்; முன்சீப்பாகப் பணியாற்றியவர். படிப்பவரை மகிழ்வித்து, அம்மகிழ்ச்சியினூடே அறத்தைப் புகட்டுவது அவர் நோக்கமாயிருந்தது. ஆயினும் அவர் தொடங்கிவைத்த இவ்வகையைத் திருச்சபையில் பணிபுரியும் நாம் பெரும்பாலும் இரு வழிகளிலேயே அணுகிப் பழகியிருக்கிறோம். ஒன்று, அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் களஞ்சியமாக; மற்றொன்று, இளைஞரைக் கெடுக்கக்கூடும் என ஐயுற்று ஒதுக்கவேண்டிய பொருளாக. இவ்விரு அணுகுமுறைகளிலும் கேட்கப்படாமலே போகும் வினாக்கள் சில உண்டு. நாவலைப் படிக்கும்போது படிப்பவருக்கு நேர்வது என்ன? கதைமாந்தர்மேல் அவர் வழங்கும் தீர்ப்பு உண்மையில் எவர்மேல் வழங்கப்படுகிறது? கதையை எழுதியவரிடம் எதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு?

இவ்வினாக்களை இரண்டு வழக்குகளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று 1748-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்தது. மற்றொன்று 1966-ஆம் ஆண்டில் தமிழகத்தில் எழுந்தது. இரண்டிலும் ஒரு பெண்ணுக்குத் தீங்கு இழைக்கப்படுகிறது. அத்தீங்கிற்குப் பின் அவள் வாழ்வு எவ்வாறு அமையவேண்டும் என்பதே இரண்டிலும் வாசகர்களைக் கலங்கவைத்த வினா. இரண்டிலும் வாசகர் ஆசிரியருக்கு எழுதினர். இரண்டிலும் ஆசிரியர் விடையளித்தார்.

வாசகர் ஏன் எழுதுகிறார்?

இலக்கியம் கேட்போர் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சியைத் தமிழ் மரபு என்றும் புறக்கணித்ததில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கென்றே ஓர் இயல் வகுத்தார். அழுகையும் வெகுளியும் அச்சமும் உவகையும் பாட்டிற்கு வெளியே நிகழும் தற்செயல்கள் அல்ல. பாட்டின் பொருளோடு சேர்த்து எண்ணப்படவேண்டியவை என்பது அம்மரபின் துணிபு. ஆனால் பழைய பாடல் பலர் கூடிய அவையில் கேட்கப்பட்டது. நாவலோ தனியே இருந்து படிக்கப்படுவது. பல நாள்கள், தொடர்கதையாயின் பல மாதங்கள் படிக்கப்படுவது. ஒரு கிழமைக்கும் அடுத்த கிழமைக்கும் இடையே வாசகர் கதைமாந்தரோடு குடியிருக்கிறார். அவர்களுக்கு இனி என்ன நேரப்போகிறது என்பது ஆசிரியர் ஒருவருக்கே தெரியும். அவர் கையில் எழுதுகோல் இன்னும் இருக்கிறது. ஆகவே வாசகர் அவரிடம் விண்ணப்பம் செய்கிறார். சில வேளைகளில் வழக்காடுகிறார்.

இவ்வுறவின் வலிமைக்குச் சான்றுகள் பல. 1893-ஆம் ஆண்டில் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை மலையருவியில் மடியவிட்டபோது வாசகர் வெகுண்டெழுந்தனர்; 1903-ஆம் ஆண்டில் அவரை உயிருடன் திரும்ப அழைத்துவரவேண்டியதாயிற்று. நா. பார்த்தசாரதி 'குறிஞ்சி மலரை' எழுதியபோது அதன் மாந்தரான பூரணி, அரவிந்தன் ஆகியோரின் பெயர்களைத் தமிழ்ப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர். ஒரு பெயரைப் பிள்ளைக்கு இடுவது சிறிய செயலன்று. கதைமாந்தர் ஒருவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொள்ளும் செயல் அது. இவ்வாறு ஏற்றுக்கொள்ளத் தெரிந்த அதே வாசகர், சிலரை வீட்டுவாசலிலேயே நிறுத்தவும் செய்வார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் வழக்கு

இலண்டனில் அச்சகம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்ஸன் 1740-ஆம் ஆண்டில் 'பமீலா' என்னும் நாவலை வெளியிட்டார். எளிய பணிப்பெண் ஒருத்தியைக் கெடுக்க முயன்ற அவள் எசமானன், அவளுடைய உறுதியைக் கண்டு மனம்மாறி, இறுதியில் அவளையே மணந்துகொள்கிறான். நற்பண்புக்கு நற்பலன் என்பதே அக்கதையின் கருத்து. சதர்க்கிலிருந்த குருவானவர் ஒருவர் அந்நூலைப் பிரசங்க பீடத்திலிருந்தே பரிந்துரைத்தார். ஆனால், அந்நற்பலன் திருமணத்தின் வடிவில் வந்த பொருளாதாய இலாபமன்றோ என்று ஹென்றி ஃபீல்டிங் போன்றோர் எள்ளி நகையாடினர்.

எட்டாண்டுகளுக்குள் ரிச்சர்ட்ஸன் 'கிளாரிஸா'வை எழுதி முடித்தார். ஏழு தொகுதிகளாகிய அந்நாவல் 1747-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1748-ஆம் ஆண்டின் இறுதி வரை மூன்று தவணைகளில் வெளிவந்தது. விருப்பமில்லாத திருமணத்திற்கு வற்புறுத்தப்பட்ட செல்வக் குடும்பத்துப் பெண் கிளாரிஸா, லவ்லேஸ் என்பவனால் வஞ்சகமாக வீட்டைவிட்டு அழைத்துச் செல்லப்படுகிறாள். மயக்கமருந்து கொடுக்கப்பட்டு வன்செயலுக்கு உள்ளாகிறாள். அவனை மணந்துகொண்டால் உலகம் மன்னித்துவிடும். அவளோ மணக்க மறுக்கிறாள். முடிவு துயரமாக அமையப்போகிறது என்னும் செய்தி பரவியதும், பிராட்ஷே சீமாட்டி என்னும் வாசகர் புனைபெயரில் ஆசிரியருக்கு எழுதினார். லவ்லேஸ் மனந்திரும்பட்டும், இருவரும் மணந்துகொள்ளட்டும், கிளாரிஸா வாழட்டும் என்பது அவர் மன்றாட்டு.

ரிச்சர்ட்ஸன் இணங்கவில்லை. தீயொழுக்கமுடையவன் திருந்தினால் சிறந்த கணவனாவான் என்னும் நச்சுக் கருத்தை உடைக்கவே தாம் எழுதுவதாக அவர் வாதிட்டார். மேலும், நன்மைக்கு இம்மையிலேயே பலன் கிடைத்தாகவேண்டும் எனக் கேட்பது கிறிஸ்தவ நம்பிக்கையன்று, மறுமையை நோக்கி நிற்பதே அந்நம்பிக்கை என நூலின் பின்னுரையில் விளக்கினார். சீமாட்டியின் உடன்பிறந்தவரான எக்லின் சீமாட்டி இவ்விடையில் நிறைவு கொள்ளாமல், வன்செயல் நிகழாத மாற்று முடிவொன்றைத் தாமே எழுதினார்.

இவ்வழக்கில் வாசகரை எளிதில் பழித்துவிடலாகாது. துயருற்றவள் வாழவேண்டும் என்று கேட்பது அன்பின் குரலே. அன்றியும், இன்பமான முடிவைக் கேட்க அவ்வாசகருக்குக் கற்பித்தவர் வேறு யாருமல்லர். 'பமீலா'வை எழுதிய ரிச்சர்ட்ஸனே. ஆசிரியர் தம் முந்தைய நூலைத் தாமே திருத்திக்கொள்ள முற்பட்டபோது, வாசகர் அம்முந்தைய நூலையே மீண்டும் கேட்டனர். ஆயினும் அவர்கள் கேட்ட முறையில் ஒரு பிழை இருந்தது. காயம் ஆறவேண்டும் என்பதற்காகக் காயப்படுத்தியவனிடமே அவளை ஒப்படைக்க விரும்பினர். அல்லது காயமே நேரவில்லை என்று எழுதிக்கொண்டனர்.

ஆசிரியரின் விடையையும் நாம் ஆராயாமல் ஏற்க இயலாது. மறுமையைச் சுட்டிய அவர் சொல் மெய்யான கிறிஸ்தவப் போதனையே. ஆனால் இறந்தால் மட்டுமே கிளாரிஸாவின் மாண்பு காக்கப்படும் என்றால், உயிரோடிருக்கும் கிளாரிஸாக்களுக்குச் சபையில் இடமில்லையா? விண்ணக நம்பிக்கை, மண்ணிலுள்ளோர் தம் கடமையினின்று தப்புவதற்கு வழியாகிவிடக்கூடாது. இவ்விடத்தில்தான் இரண்டாம் வழக்கு நமக்குத் துணைபுரிகிறது.

இரண்டாம் வழக்கு

1966-ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை வெளிவந்தது. மழைநாளில் பேருந்துக்காகக் காத்துநின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த ஒருவனின் அழைப்பை மறுக்கத் தெரியாமல் ஏறிக்கொள்கிறாள். அவளுடைய அறியாமையை அவன் பயன்படுத்திக்கொள்கிறான். அழுதுகொண்டே வீடு திரும்பும் மகளை விதவையான தாய் முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பின்னர்க் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் குடம்குடமாக நீரை ஊற்றுகிறாள். நீ தூய்மையாகிவிட்டாய் என்று அறிவிக்கிறாள்.

தலைப்பு சீதை தீப்புகுந்த நிகழ்ச்சியை நினைவூட்டுவது. ஆனால் ஆசிரியர் அதனைத் தலைகீழாக்கியிருப்பதைக் கவனிக்கவேண்டும். சீதை புகுந்த தீ ஊரார்முன் எரிந்தது. அவள் ஏற்கெனவே தூயவள் என்பதை மற்றவர்க்கு மெய்ப்பிக்க எரிந்தது. இத்தாய் ஊற்றும் நீருக்குச் சாட்சிகள் இல்லை. எதையும் மெய்ப்பிக்கவும் அது வரவில்லை. மகள் தன்னைத்தானே வெறுத்து அழிந்துபோகாதிருக்க அது வந்தது.

இக்கதை பெரும் வாதப்போரை எழுப்பியது. தாய் இவ்வாறு செய்யலாமா, ஒரு குடம் நீரால் கழுவிவிடக்கூடியதா கற்பு எனப் பலர் வெகுண்டனர். தாயின் அன்பைப் போற்றியோரும் இருந்தனர். கற்பு என்னும் சொல்லைச் சுற்றியே அவ்விவாதம் பெரிதும் சுழன்றது. காரோட்டி வந்தவன் என்ன ஆனான் என்னும் வினாவுக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை. வழக்கு மன்றத்தில் குற்றம் செய்தவன் இல்லை. குற்றத்துக்கு ஆளானவள்மட்டும் நிறுத்தப்பட்டாள். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணை மட்டும் இழுத்துவந்து நடுவே நிறுத்திய கூட்டத்தை நாம் அறிவோம்.

ஜெயகாந்தன் அளித்த விடை உலக இலக்கியத்திலும் அரியதே. அவர் தம் கதைக்கு நியாயம் கூறிக் கட்டுரை எழுதியதோடு அமையவில்லை. எதிர்த்த வாசகரின் நிலைப்பாட்டையே எடுத்துக்கொண்டார். தாய் அவ்வாறு மன்னிக்காதிருந்தால், ஊரறியக் கூக்குரலிட்டிருந்தால், பின்பு என்ன நேர்ந்திருக்கும்? இவ்வினாவிலிருந்து பிறந்த நாவல் 'காலங்கள் மாறும்' என்னும் தலைப்பில் தினமணி கதிரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் பெயரில் நூலாயிற்று. 1972-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்கு வழங்கப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

எக்லின் சீமாட்டி என்னும் வாசகர் கதையிலிருந்த காயத்தை நீக்கி எழுதினார். ஜெயகாந்தன் என்னும் ஆசிரியரோ கதையிலிருந்த மருந்தை நீக்கி எழுதினார். மருந்து வேண்டாம் என்றோர்க்கு, மருந்தில்லாத நோயாளியைக் கொண்டுவந்து காட்டினார்.

நாவலுக்குள் ஒரு வாசகி

அந்நாவலில் கங்கை என்னும் பெண் தன் தமையனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, மாமா ஒருவரின் ஆதரவில் படித்து, அலுவலகத்தில் உயர்பதவி வகிக்கிறாள். ஆதரவளித்த அம்மாமாவின் கண்ணோட்டமும் தூயதன்று. இந்நிலையில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் கதையை அவள் படிக்க நேர்கிறது. அது தன் கதையே, முடிவுமட்டும் வேறு. கதையில் வரும் தாய் நீர் ஊற்றினாள். தன் தாய் கனகமோ ஊரைக் கூட்டினாள். கங்கைக்கு நேர்ந்ததைத் தொலைவிலிருந்து ஓரளவு கண்டு, எஞ்சியதைக் கற்பனையால் நிரப்பியவர் அவ்வெழுத்தாளர். அவர் வழியாகவே அவள் தன்னைக் கெடுத்த பிரபாகரைத் தேடிக் கண்டடைகிறாள்.

வாசகருக்கும் ஆசிரியருக்கும் உள்ள உறவை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய தமிழ் நாவல் பிறிதொன்றைச் சுட்டுதல் எளிதன்று. கங்கை அக்கதையைப் படித்து மகிழவில்லை; தனக்கு மறுக்கப்பட்டது எது என்பதைப் படித்து அறிகிறாள். வாழ்வில் கிடைக்காத இரக்கம் எழுத்தில் கிடைக்கும்போது அது ஆறுதலாகவும் இருக்கிறது. தாங்கவொண்ணாத குற்றச்சாட்டாகவும் இருக்கிறது. கனகத்திற்கு அக்கதை காலங்கடந்து வந்த அறிவுரை. எழுத்தாளரோ ஒரு முகவரியைத் தேடிக்கொடுக்க உதவலாம். இழந்த ஆண்டுகளைத் தரமுடியாது. வாசகர் எழுத்தாளரைக் குருவாகவும் மீட்பராகவும் எண்ணித் தேடிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தின் எல்லையை எழுத்தாளர் ஒருவரே வரைந்துகாட்டியிருப்பது போற்றத்தக்கது.

எனினும் இந்நாவலின் குறையையும் சொல்லவேண்டும். தம்மை எதிர்த்த வாசகருடன் ஆசிரியர் நடத்தும் வழக்கில் வழக்குரைஞரும் நீதிபதியும் அவரே. தாய் மன்னிக்காவிடில் மகள் அழிவாள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், கங்கை வேறு வகையில் வாழ்ந்துவிடக்கூடாது என்னும் நெருக்கடி கதைக்கு ஏற்படுகிறது. கல்வியும் பதவியும் கூர்த்த அறிவும் உடைய அவள், தன் வாழ்வின் பொருளை அந்த ஒருவனிடமே தேடுகிறாள். இறுதியில் குடியிலும் தனிமையிலும் சிதைகிறாள். எந்தச் சட்டத்தை நாவல் குற்றஞ்சாட்டுகிறதோ, அச்சட்டத்திற்கே கங்கை தன்னை உட்படுத்திக்கொள்கிறாள். இது சமூகத்தின் கொடுமையைக் காட்டும் மெய்யா, அல்லது வாதத்தில் வெல்ல விரும்பிய ஆசிரியரின் பிடிவாதமா என்னும் ஐயம் எழுகிறது. கங்கை தன் குரலில் பேசும் பகுதிகளில் நாவல் ஓங்கி நிற்கிறது. எதையோ நிறுவ முற்படும் பகுதிகளில் தளர்கிறது என்பதே நம் கருத்து.

சிறுகதையின் தாயிடத்தும் ஒரு குறை உண்டு. அவள் அருள் மெய்யானது. ஆனால் அது கதவடைத்த அருள். யாரிடமும் சொல்லாதே என்னும் நிபந்தனையுடன் வருகிறது. வெளியே இருக்கும் உலகம் மாறாதவரை அவளால் இயன்றது அவ்வளவே. கதவைத் திறந்துவைத்தே நீர் ஊற்றக்கூடிய ஒரு சமூகம் வேண்டும் என்பது அக்கதை சொல்லாமல் விட்டுச்செல்லும் கோரிக்கை.

படிக்காத வாசகர்

ஆசிரியரோடு வழக்காடும் வாசகர், எவ்வளவு வெகுண்டாலும், நூலைப் படித்தவர். பிராட்ஷே சீமாட்டி கண்ணீருடன் படித்தார். பின்னர் ஆசிரியரின் நெடுநாள் நண்பராகவும் விளங்கினார். வேறொரு வகையினரும் உண்டு. அவர்கள் படிக்காமலே தீர்ப்பளிப்பவர்கள்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்காண்டுகளுக்குப்பின் அதற்கு எதிர்ப்பு மூண்டபோது நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. 2015-ஆம் ஆண்டு சனவரியில் தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடைசெய்ய மறுத்து, அவர் மீண்டும் எழுத வழிவகுத்தது. பிள்ளைப்பேறு இல்லாத ஒரு கணவன் மனைவியின் துயரமே அந்நாவலின் உயிர். நகலெடுக்கப்பட்ட பக்கங்களைமட்டும் கண்டோர் அத்துயரத்தைக் காணவில்லை.

இதனைப் பிற சமூகத்தாரின் குறையெனக் கருதி நாம் அமைதியுறலாகாது. கிரேக்க எழுத்தாளர் நிக்கோஸ் கசான்சாக்கிஸ் இயேசு பெருமானின் கடைசிச் சோதனையைக் குறித்து எழுதிய நாவல் 1954-ஆம் ஆண்டில் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைநூற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவருடைய சொந்த நாட்டுத் திருச்சபையும் அவர்மேல் நடவடிக்கை எடுக்க முனைந்தது. அதற்கு அவர் பண்டைய திருச்சபைத் தந்தை தெர்த்துல்லியனின் சொல்லை எடுத்தாண்டு, ஆண்டவருடைய நியாயாசனத்திடமே முறையிடுவதாக விடையளித்தார். அந்நாவலின் கிறிஸ்தியலை மறுக்க நமக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மறுப்பதற்கு முதற்கண் படிக்கவேண்டும். திருமறை வசனம் ஒன்றைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்துப் பொருள் கொள்ளலாகாது என இறையியல் கல்லூரியில் கற்கும் நாம், அதே நெறியை நாவலுக்கு மறுப்பது எவ்வாறு முறையாகும்?

நாத்தான் சொன்ன கதை

வாசகர் இயல்பை நன்கு காட்டும் பகுதி இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொண்ட கதையை நாத்தான் சொல்லக் கேட்ட தாவீது கடுஞ்சினம் கொள்கிறார். மரண தண்டனைக்குரியவன் அவன் எனத் தீர்ப்பளிக்கிறார். கேட்போர் என்ற முறையில் தாவீது சிறந்தவர். அவர் வெகுளி நேர்மையானது. ஆனால் அவ்வெகுளி எங்கோ இருக்கும் ஒருவன்மேல் பாய்ந்தது. அவனே தாம் என்று தாவீது அறிய, கதைமட்டும் போதவில்லை. கதை சொன்னவர் எதிரே நின்று சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

நாவலாசிரியர் நம் எதிரே நிற்பதில்லை. நூலை முடித்துக் கையளித்துவிட்டு அவர் விலகிவிடுகிறார். 1967-ஆம் ஆண்டில் ரோலன் பார்த் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆசிரியரின் மரணத்தை அறிவித்து, பொருள் வாசகரிடத்தில் ஒன்றுகூடுகிறது என வாதிட்டார். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் பொருள் வாசகரிடம் ஒப்படைக்கப்படும்போது பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகன் விருந்துக்குள் நுழைந்தானா என்பது லூக்காவில் சொல்லப்படவில்லை. யோனாவின் நூல் வினாவோடு முடிகிறது. முடிவைக் கேட்டு ஆசிரியருக்கு எழுத இயலாதபடி, அம்முடிவு கேட்போரின் வாழ்விலேயே எழுதப்படும்படி விடப்பட்டுள்ளது.

ஆகவே நாவலைப் படிக்கும் ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் உரிய கடமை இன்னதெனக் கூறலாம். நூலை முழுதும் படிக்கவேண்டும். கதைமாந்தர் கூற்றை ஆசிரியர் கூற்றெனக் கொண்டு அவரைத் தண்டிக்கலாகாது. நமக்குப் பிடித்த முடிவைத் தரவில்லை என்பதற்காக அவரோடு வழக்காடலாம். அவ்வழக்கும் ஒருவகை மரியாதையே. ஆனால் அவரை மிரட்டவும் கூடாது, வணங்கவும் கூடாது. இவை அனைத்திற்கும் மேலாக, கதைமாந்தர்மேல் நாம் வழங்கிய தீர்ப்பை எடுத்துச்சென்று, நம் சபையில் அமர்ந்திருக்கும் உயிருள்ள மனிதர்மேல் வைத்துப் பார்க்கவேண்டும்.

கதையில் வரும் தாய்க்காக உருகுவது எளிது. அத்தகைய மகள் ஒருத்தி மாலை வேளையில் ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டும்போது நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் எது? வேறு யாருக்குத் தெரியும் என்பதா, உள்ளே வா என்பதா? சபையின் பெயர் கெடும் என்றெண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறுதல் கூறுவோமா, அல்லது அவளைக் காத்து நின்று, தீங்கிழைத்தவன் செல்வாக்குடையவனாயினும் அவனைக் கணக்குக் கேட்போமா? ஜெயகாந்தனின் வாசகர் பலர் இதழுக்குக் கடிதம் எழுதினர். நம் கடிதத்தை எதிர்பார்த்து எவரும் இல்லை. நம் கதவு திறக்கிறதா என்று பார்த்து நிற்போர் உண்டு.